பதினான்காம் கேள்வி

பெம்பாத் தீவின் வரைபடத்தில்
கிபாண்டமாஜிக்கு ஒரு புள்ளிகூட இல்லை.
அலையாத்திக் காட்டின் பச்சை தொடங்கும் இடத்தில்
அதிகாரி பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.
"இங்கே எங்கேயோ. போய் எண்ணிவிட்டு வா."

முதல் கேள்வியே இடறியது.
சாலையிலிருந்து எவ்வளவு தொலைவு?
கொம்போ காதைக் குடைந்தபடி கேட்டார்:
"வற்றத்திலா, ஏற்றத்திலா?"
வற்றமென்றால் முழங்கால் சேற்றில் ஒன்றரை மணி.
ஏற்றமென்றால் ஓடம்,
அதுவும் ஷாமே விழித்திருந்தால்.
படிவத்தில் இருந்ததோ ஒரே கட்டம்.
"ஷாமே" என்று எழுதி வைத்தேன்.

வீடுகள் முப்பத்தொன்று. மண்சுவர், தென்னங்கீற்று,
மூன்றுக்கு மட்டும் தகரம்.
கடை ஒன்று. சோப்பு, பேட்டரி,
எடைக்கல் தொலைந்துபோன ஒரு தராசு.
கைபேசிக்கு உயிர் வரும் இடம்
பள்ளிவாசலுக்குப் பின்னால், பலாவின் இரண்டாம் கிளை.
அங்கே ஏறி உட்கார்ந்துதான்
மொம்பாசா போன மகன்களைத் திட்டுகிறார்கள்.

பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது.
பறிப்புக் காலம்; வாத்தியாரும் மரத்தில்.
அண்ணாந்து நின்றே விசாரித்தேன்.
பெயர் ஃபாக்கி. வயது நாற்பத்திரண்டு.
படிப்பு என்றேன்,
ஒரு கொத்து மொட்டு என் தோளில் வந்து விழுந்தது.

ஆட்களைக் கேட்டால் அள்ளிக் கொடுத்தார்கள்.
பிமுகுப்வா இருக்கும் எட்டையும் சொன்னாள்,
புதைத்த இரண்டையும் சொன்னாள்,
பக்கத்து வீட்டார் சொல்ல மறந்த ஒன்றை
வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே திருத்தினாள்.
செத்தவரை எழுதக் கூடாது என்றதற்கு
"தாள் உன்னுடையது, வயிறு என்னுடையது" என்றாள்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

பிறகு பதினான்காம் கேள்வி:
கிராம்பு மரங்கள் எத்தனை?

ஊருக்கே காது அடைத்துக்கொண்டது.
ஒருவர் இருமினார்.
ஒருவர் தொழுகைக்கு எழுந்தார், பாங்குக்கு இன்னும் ஒரு மணி இருந்தது.
கொம்போ தன் தலைமேல் நின்ற மரத்தை
இன்றுதான் பார்ப்பவர்போல் பார்த்து
"இதுவா? இது மாமரம்" என்றார்.
அவர் காலடிப் பாயில் சிவப்பு மொட்டுகள்
வெயிலில் கறுத்துக்கொண்டிருந்தன.

எண்ணினால் எடை கேட்பார்கள்.
எடை குறைந்தால்
மிச்சம் எந்தப் படகில் போனது என்று கேட்பார்கள்.
எனக்கும் தெரியாததல்ல.
வேட்டேயில் எங்கள் கொல்லையில் நின்ற ஆறு மரங்களும்
அப்பா இருந்தவரை
அரசாங்கத் தாளில் கொய்யா.

நாலு மணிக்கு மேற்கே இருட்டியது.
யாரோ "ம்வுவா!" என்று ஒரே சத்தம்,
அப்புறம் பேச்சில்லை, ஓட்டம்தான்.
மழை பட்ட கிராம்பு பூசணம் பூக்கும்,
பாதி விலைக்கும் ஆள் வராது.
எட்டு வயது ரிஸிக்கி
பாயின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.
மறுமுனையில் ஆளில்லை.
படிவக் கட்டை எங்கே போட்டேனோ தெரியாது.
இழுத்தோம். வர மறுக்கும் மாடுபோல் வந்தது பாய்.
முதல் துளி என் பிடரியில்;
கடைசிப் பாய் கூரைக்குள்.

மழை விடும்வரை ஊர் முழுக்க
இரண்டு தகரத்தின் அடியில் நெருக்கிக்கொண்டு நின்றது.
அப்படி நின்றிருந்தால் காலையிலேயே எண்ணி முடித்திருப்பேன்.
தாள்களை ரிஸிக்கிதான் கண்டெடுத்தாள்,
ஒரு பாயின் மடிப்புக்குள், மொட்டோடு மொட்டாக.

மூன்றாம் நாள், வேட்டே அலுவலகம்.
அதிகாரி கட்டைப் பிரித்ததும் மூக்கை உயர்த்தினார்.
பதினான்காம் பத்தியில் மேலிருந்து கீழ்வரை
முப்பத்தொரு சுழி.
ஒரு மடிப்பிலிருந்து மொட்டு ஒன்று உருண்டு
மேசையின் நடுவில் நின்றது.
மின்விசிறி மட்டும் பேசியது.
கதவைப் பார்த்தார்.
பழுப்பேறிய என் நகங்களைப் பார்த்தார்.
அதை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு
"மூன்று நாளாகப் பல்வலி" என்றபடி
முத்திரையை ஊதி
ஓங்கிக் குத்தினார்.