காப்பு

பீல், மணிக்கூடு செய்கிற ஊர்.
நொடியை நறுக்கி இங்கே பாதிப் பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.
அவர்கள் போன பிறகு, இரவு பத்துக்குமேல்,
அந்தத் தரையை நான் துடைக்கிறேன்.

கழிவு விற்பனையில் ஒரு கைப்பட்டி,
இருபத்தொன்பது பிராங்க்.
கறுப்பு ரப்பர்க் காப்பு. அடியில் பச்சை வெளிச்சம்.
அதன் கம்பனிச் செயலி முதல் நாளே
வேறு விதமாய் நாடி பிடித்தது:
பிறந்த தேதி, எடை, மாதவிலக்கு,
போனில் உள்ள பெயர்களையும் கொஞ்சம் பார்க்கலாமா?

இத்தனை கேள்வியை என்னிடம்
வலோர்பில் கேட்டார்கள், பதினாறு வருசத்துக்கு முன்.
பத்து விரலையும் கண்ணாடியில் வைத்தேன்.
அன்றைக்கு வேறு வழி இல்லை.

லேத் பிரிவு மாத்தியாஸ்தான்
கம்பனியிடம் பட்டியின் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு
கதவைச் சாத்தினான்.
வேறொரு மென்பொருளை ஏற்றினான். இலவசம்.
நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்;
இதன் மூலத்தை யாரும் பார்க்கலாமாம்.
பார்த்தேன். ஒரு வரி புரியவில்லை.
பூட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது.

குறை இல்லாமல் இல்லை.
சில நாள் பட்டியும் போனும்
சம்பந்தி வீட்டார்போல் பேசிக்கொள்ளாது.
மழை வருமா என்றால் தெரியாது,
இணையத்தில் கால் வைக்க அதற்கு அனுமதி இல்லை.
ஜன்னலைத் திறந்து யூரா மலையைப் பார்க்கிறேன்.
மலை தெரியாவிட்டால் குடை.

காப்புறுதிக்காரர் கடிதம் போட்டார்கள்:
தினம் பத்தாயிரம் அடி, கணக்கை எங்களுக்கு அனுப்பினால்
வருசத்துக்கு நூற்றிருபது பிராங்க் குறைப்போம்.
நான் நடப்பது பதினாலாயிரம், வாளியோடு.
கடிதத்தை நாலாக மடித்து
ஆடுகிற மேசைக் காலுக்குக் கொடுத்தேன்.

செவ்வாய் இரவு, இரண்டு நாற்பது.
வரைபடத்தில் திடீரென ஒரு செங்குத்து:
நூற்றிருபத்தெட்டு.
அப்போது நான் நடக்கவேயில்லை.
வாளியை வைத்துவிட்டு, மூன்றாம் தளத்துச் சுவரில் சாய்ந்து
ஒரு குரல் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன்.
பதினொரு நொடி.
திரும்ப ஒரு பதினொரு நொடி.

யார் குரல் என்று பட்டிக்குத் தெரியாது.
செய்தி கொண்டுவந்த செயலிக்குத் தெரிந்திருக்கும்;
அது வேறு சண்டை, இன்னும் தொடங்கவில்லை.

விடியக் காலை ஷிப்ட் மாறும்போது
மாத்தியாஸ் கோப்பிக் குவளையோடு கேட்டான்:
எப்படி, வேலை செய்கிறதா?

நன்றாக, என்றேன்.
சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.