மோட்டர்ச் சுருதி

எங்கட வீட்டுத் தண்ணீர்த் தொட்டி
கிழமையில் மூன்றுதரம் வழிந்தோடும்.
"கரண்ட் காசு ஆர் கட்டுறது" என்று தம்பி கத்துவான்.
அவனுக்குத் தெரியாது,
பாட்டு முடியாமல் நான் மோட்டரை நிப்பாட்டுறதில்லை.

கிணற்றடியில் அந்த இரும்புக் கழுதை
ம்ம்ம் என்று ஒரே சுருதியில் நிற்கும்.
அதன் முதுகில் ஏறி
மேல் ஷட்ஜம் வரைக்கும் போய்வருவேன்.
வேலிக்கு அந்தப் பக்கம்
யோகமலர் அக்கா உடுப்புத் தோய்த்தாலும்
அவவுக்குக் கேட்பது மோட்டர்தான்.
பதினொரு வருஷம் இப்படி.

நீர்வேலியில் என்னை எல்லோருக்கும் தெரியும்.
சங்கக் கடையில் பில் போடுறவள்.
"மாத்தின காசு இருக்கோ" என்று
வாய்க்குள்ளேயே கேட்கிறவள்.
"கொஞ்சம் உரத்துக் கதை பிள்ளை" என்பார்கள்.

விண்ணப்பப் படிவத்தைச்
சீனி மூட்டைக்குப் பின்னால் வைத்து நிரப்பினேன்.
திறந்த பிரிவு. வயதெல்லை இல்லை.
'முன்னனுபவம்' என்ற இடத்தில்
கோடு ஒன்று போட்டேன்,
பிறகு அந்தக் கோட்டையும் வெட்டினேன்.

ஞாயிறு, யாழ்ப்பாணம் போகிற மினிபஸ்ஸில்
சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி
கோப்பாய் வரமுன்னமே அது கயிறாகிவிட்டது.
இருபாலையில் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.
கல்வியங்காட்டிலும் நினைத்தேன்.
இறங்குவதென்றால் "இறக்கம்" என்று
உரத்துச் சொல்லவேணும்.
சொல்ல வரவில்லை.
அதனால்தான் போய்ச் சேர்ந்தேன், தைரியத்தால் இல்லை.

மண்டபத்தில் பத்தொன்பதாம் இலக்கத்தைக் குத்திவிட்டார்கள்.
பதினெட்டு, சங்கானைப் பெடியன் ஒருத்தன்,
பிருகாக்களை வெங்காயம் மாதிரி
அரிந்து அரிந்து கொட்டினான்.
சனம் கைதட்டி ஓயவில்லை.
"அடுத்ததாக, செல்வி தவரஞ்சினி."
அந்தச் 'செல்வி'யைக் கொஞ்சம்
மெதுவாய்ச் சொல்லியிருக்கலாம்.
முப்பத்தெட்டு வயது.

மேடையில் சுருதிப்பெட்டி போட்டார்கள்.
நல்ல சுருதி, சுத்தமானது.
எனக்கு அது முன்பின் அறியாத ஆள்.
வாயைத் திறந்தேன், காற்று வந்தது.
மறுபடி திறந்தேன்,
மாத்தின காசு கேட்கிற குரல் வந்தது.
மூன்றாம் வரிசையில் ஆரோ சிரித்தார்கள்.
சிரிக்கவில்லையோ தெரியாது,
கதிரை கிரீச்சிட்டிருக்கலாம்.
நடுவர் ஒருவர் பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்ட் போனது.
மின்விசிறி மெல்ல மெல்லச் செத்தது,
சுருதிப்பெட்டி சட்டென்று.
பின்பக்கம் ஆரோ கயிற்றை இழுத்தார்கள்.
ஒருதரம் இருமி, இன்னொருதரம் இருமி
ஜெனரேட்டர் பிடித்தது: ம்ம்ம்.
எங்கட கழுதையைவிட அரைக்கட்டை மேலே.
பரவாயில்லை.

லைட்டைப் போடமுன்னமே தொடங்கிவிட்டேன்.
ஆருக்கும் கேளாது என்ற பழைய நம்பிக்கையில்
போகவேண்டிய உயரத்துக்குப் போனேன்.
அங்கே நிற்கும்போதுதான் லைட் வந்தது.
எவ்வளவு கண்கள்.
பிளேன்ரீக் கோப்பை கீழே இருந்தது.
அந்த உயரத்திலிருந்து ஓடிப்போகப் படி இல்லை,
பாட்டால்தான் இறங்கவேணும்.
இறங்கினேன்.
இரண்டாம் சரணத்தில் ஒரு அடி மறந்துபோக
முதற் சரணத்து அடியையே எடுத்து வைத்தேன்,
கேட்ட சவுக்காரம் இல்லாவிட்டால்
வேறொன்றை எடுத்துக் கொடுப்பதுபோல்.
ஆரும் திருப்பித் தரவில்லை.

முடிவு சொல்லும்வரை நிற்கவில்லை.
கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோவுக்கு ஆர் கொடுக்கிறது.
நீர்வேலிச் சந்தியில் "இறக்கம்" என்றேன்.
கண்டக்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

விடிய, தொட்டி நிரம்பியது.
மோட்டரை நிப்பாட்டினேன்.
பாட்டில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
உடுப்படிக்கிற சத்தம்
நின்றுபோனது.