ஒரு கட்டுக்கும் குறைவு

கார்ன்வால் கரையில்
ட்ரெகென்சாவை ஆறு தேர்தல் எண்ணிவிட்டேன்,
ஐம்பது ஐம்பதாய், ரப்பர் வளையம் போட்டு.
முதல் முறை பதினோராயிரம் வித்தியாசம்;
மேசை கொள்ளவில்லை.
பிறகு ஒன்பது, மறுபடி ஒன்பது.
துறைமுக ரயிலை நிறுத்தும் மசோதாவுக்கு
அவர் ஆமாம் சொன்ன பின் நாலு.
போன தடவை முந்நூற்றுச் சொச்சம்.

இன்றிரவு நாற்பத்தொன்று,
எதிராளிக்கு.

செல்லாச் சீட்டுகளைக் காட்டினோம்.
ஒன்றில், அவர் பெயருக்கு நேரே,
பெருக்கல் குறிக்குப் பதில் பென்சிலில்:
'இன்னும் பிளாட்பாரத்தில்தான் நிற்கிறேன், ஜோரி.'

கோட்டில் கன்சர்வேட்டிவ் நீல ரிப்பன் சாய்ந்திருக்க
அந்தக் கையெழுத்தையே பார்த்தார்.
'ஓட்டில்லை, கடிதம்.
நான் வைத்துக்கொள்ளலாமா?'

சட்டத்தில் இடமில்லை.
உறையிலிட்டு முத்திரை வைத்தேன்.
அவர் பேனாவை மூடி
வெளியே மழைக்குள் போனார்,
ரயில் நிலையம் இருந்த பக்கமாக.