முள்

கண்ணாடியை ஒட்டிய இடப்பக்கத் தூணில்
தேன் ஜாடி மூடியளவு ஒரு வட்டம்.
கம்பெனி வைத்ததில்லை. கம்பெனி வைத்தது
எல்லாம் முடிந்தபின் எரியும் ஒரு மஞ்சள் விளக்கு.
போன வருஷம் மைல்ஸ் சிட்டிக்கு வெளியே
அந்த விளக்கைப் பார்த்தபடி ஆறு மணி நேரம் நின்றேன்.
தொட்டிப் பக்கத்துச் சின்ன பம்பு சோர்ந்துபோக,
எஞ்சினோடு இருக்கும் பெரிய பம்பு டீசலின்றி வறண்டு
தன்னைத்தானே தின்றுவிட்டிருந்தது.
மூவாயிரம் டாலர்.
"முள் ஒன்று இருந்திருந்தால், மார்லிஸ்,
முந்நூறோடு போயிருக்கும்" என்றான் வெர்லின்.
தம்பிதான். ஆனாலும் துளை போட்டு, குழாய் இழுத்து,
இதை மாட்டியதற்குக் கூலி வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து எனக்கு ரோடு பாதி, முள் பாதி.
சும்மா நிற்கையில் பதினைந்து.
ஏற்றத்தில் பாரம் இழுக்கையில் பதினொன்று.
ஐந்துக்குக் கீழே போனால் ஓரங்கட்டு, யோசிக்காதே.

இன்று பின்னால் தொண்ணூற்றாறு பெட்டித் தேனீ,
வடக்கு டகோட்டாப் பனியிலிருந்து
கலிபோர்னியாவின் பாதாம் பூவுக்கு.
மொனைடா கணவாய் ஏறும்போது
பதினொன்று,
ஒன்பது,
அப்புறம் முள் படுத்துவிட்டது.

ஓரங்கட்டினேன். உறைநிலைக்குக் கீழே இருபத்தாறு டிகிரி.
டீசல் மெழுகாகியிருக்கும் என்று ஃபில்டரை மாற்றினேன்,
விரல் மரத்து, ஒரே திருகை இரண்டு முறை பனியில் தொலைத்து.
முள் எழவில்லை.
தொட்டியில் காது வைத்தேன். பம்பு முனகுகிறது.
காற்று நீக்கும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன்.
கையுறையில், சட்டையில், வாயில்
பீய்ச்சியடித்தது டீசல்.

அழுத்தம் இருக்கிறது.
செத்தது பம்பு அல்ல,
அது செத்தால் சொல்லவென்று மாட்டிய முள்.
துப்பினேன். சிரிப்பு வந்தது, கூடவே
அம்மா காதில் விழக்கூடாத ஒரு வார்த்தையும்.

வலையை விலக்கி ஒரு பெட்டியிலும் காது வைத்தேன்.
இதற்கு முள் யாரும் மாட்டித் தரவில்லை.
உள்ளே பந்தாய்த் திரண்டு ஒற்றைத் தாழ்ந்த ஒலி.
எத்தனை சூடோ, எத்தனை உயிரோ,
ஒலி இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் எண்ணூறு மைலுக்கு மேல்.
முள் பொய் என்று தெரியும்.
தெரிந்தும் பார்க்கிறேன்; அது பூஜ்ஜியம் காட்டுகிற ஒவ்வொரு முறையும்
வலது கால் தானாகக் கொஞ்சம் தளர்கிறது.
எல்கோ தாண்டியதும் அதன்மேல்
வெர்லினின் கூலி ரசீதை ஒட்டி மறைத்தேன்.

இப்போது ரசீதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.