மருந்து மாறிய வாரம்

லாபிஸ் பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால்
காளான், கடல்குதிரை, பெயர் தெரியாத வேர்
எல்லாம் கண்ணாடிச் சாடியில் குடியிருக்கும் கடை.
சம்பளம் போட்ட மறுநாள்.
நானும் ஏகாம்பரமும் அடுத்தடுத்த முக்காலியில்.

எனக்கு வாயெல்லாம் புண்.
உள்ளங்காலில் அடுப்பு.
காற்றாடி ஐந்தில் சுற்றினால்தான் கண் மூடும்.
அவருக்கு நடுப்பகலிலும் காலுறை.
ஒன்றில் வைத்தாலே
தலையோடு போர்த்திக்கொண்டு கட்டையாகிவிடுவார்.
இருபத்திரண்டு வருடமாய்
ஆளுக்கு ஒருபக்கம் திருகித் திருகி
குமிழில் எண்கள் அழிந்துவிட்டன.

மனசும் அப்படித்தான்.
பெரட்டில் மண்டோர் முகம் சுளித்தால்
தோட்டம் விலைபோய்விட்டதென்று நான் மூட்டை கட்டுவேன்.
கூரை ஒழுகினால்
வெயில் வந்தால் நின்றுவிடும் என்பார் அவர்.
நின்றும் விடுகிறது.
அதுதான் எனக்கு எரிச்சல்.

சின்சேக்கு முப்பதுகூட இருக்காது. பெயர் சியூ பிங்.
மூன்று விரலை என் மணிக்கட்டில் வைத்துச்
சுவரைப் பார்த்தாள்.
"பானாஸ்."
அவர் கையைப் பிடித்தாள்.
"செஜோக்."
இதற்கா ஆளுக்குப் பதினைந்து வெள்ளி?

அவள் பார்த்த சுவரில் ஒரு காலண்டர்.
அதில் கறுப்பும் வெள்ளையும் துரத்திக்கொள்ளும் வட்டம்,
கோப்பியில் பாலை ஊற்றிக்
கலக்க மறந்ததுபோல.
கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு.
வெள்ளையில் ஒரு கறுப்பு.
"அந்தப் பொட்டு எதுக்கு?"
"தெரியாது அக்கா, அரிசிக்கடையில கொடுத்த காலண்டர்."
சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.
இவளுக்கு யார் நாடி பார்ப்பார்கள்?
கிளினிக் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க என்று
இரண்டு தடவை சொன்னாள்.

பொட்டலம் இரண்டு.
சிவப்பு நூல் எனக்கு, பச்சை நூல் அவருக்கு.
வீட்டுக்கு வந்ததும் நூலிரண்டையும் அவிழ்த்துச்
சாய்ந்த கறிவேப்பிலைக் கன்றைக் கட்டிவிட்டார் மனுஷர்.

ஏழு நாள் காய்ச்சிக் குடித்தோம்.
ஏழாம் நாள்தான் மூக்குக்கு உறைத்தது:
என் குவளையில் இஞ்சி.
அவருடையதில் செவ்வந்திப் பூ.

அந்த வாரம் என் புண் இரட்டித்தது, பொய்யில்லை.
வாய் திறக்க முடியவில்லை.
நான் பேசாத வீட்டில் அவர் பேசினார்,
இரண்டு போர்வைக்குள்ளிருந்து, நடுங்கிக்கொண்டு:
கம்பெனி கைமாறப்போகிறது, தெரியும்.
லயத்தை இடிப்பார்கள், அதுவும் தெரியும்.
செகாமட்டில் வாடகை வீடு விசாரித்து வைத்திருக்கிறேன்,
மூன்று மாதமாச்சு.
சொன்னால் நீ தூங்கமாட்டாய்.

சிரித்துவிட்டேன். உதடு கிழிந்தது.
இத்தனை நாள் கவலை என் பேரில் இருக்கும் நிலம்
என்றல்லவா வேலி போட்டிருந்தேன்.
உள்ளே அவருக்கும் ஒரு துண்டு,
சத்தமில்லாமல் உழுதுகொண்டிருந்திருக்கிறார்.
ஆச்சரியம், அன்றிரவு நான் தூங்கினேன்.

விடியுமுன் தலைவிளக்கோடு என் நிரையில் நின்றேன்.
நாற்பத்தோராவது மரம், கொஞ்சம் கோணல்.
இந்தப் பக்கம் கத்தி இறங்குகிறது.
அந்தப் பக்கம், என்றோ வெட்டிய இடத்தில்
புடைப்பும் தழும்புமாய்ப் புதுப்பட்டை தடிக்கிறது.
தினம் பார்ப்பதுதான்.
கத்தி மயிரிழை ஆழம் போனால் மரத்துக்குப் புண்,
மயிரிழை குறைந்தால் மங்கு காலி.
அந்த மயிரிழை என் கைக்குத் தெரியும்.
வாய்க்குத்தான் யாரும் கத்தி பழக்கவில்லை.

பொட்டலத்தை மாற்றிக்கொண்டோம்.
இரவு காற்றாடிக் குமிழை
எங்கேயோ நடுவில் விட்டேன், ஒரு குத்துமதிப்பு.
அவருக்குக் குளிர்கிறது.
எனக்கு வேர்க்கிறது.
இருட்டில் கேட்டேன்:
செகாமட்டில் வாடகை எவ்வளவாம்?