உப்புக் காத்து

எம்.சி. ரோட்டில், துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
கன்டெய்னர்களுக்குக் காகிதம் போடுகிற ஆபீஸ்.
தினமும் மூன்றே காலுக்கு, எல்லாரும் டீக்கு இறங்கியதும்
நாலாவது எம்சிபி மட்டும் விழுகிறதாம்.
"போன ஆள் ஏசி மேல பழி போட்டான்," என்றார் முதலாளி சுந்தரவதனம்.
"ஆயிரத்து எண்ணூறு போச்சு."

எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னேன்.
ஒவ்வொன்றாய்ச் செருகினேன்.
பிரிண்டர். நின்றது.
வாட்டர் ஃபில்டர், அதுவும்.
மூன்று கம்ப்யூட்டர், சாமி படத்து பல்பு,
எல்லாம் நல்ல பிள்ளைகள்.
டெஸ்டர் சிவப்பாய்ச் சிரித்தது, என்னைப் பார்த்து.

ஜன்னல் விளிம்பில் கரிப்பொடி,
விரலால் பெயர் எழுதலாம்.
காலையில்தான் துடைத்தார்களாம்.

கணக்குப் பார்க்கிற எஸ்தர் மேடம்
நாற்காலியை மேசையோடு இழுத்து உட்கார்ந்தார்.
டப்.

குனிந்தேன்.
மேசைக்கடியில், பிடுங்கப்படாத ஒரே பிளக்.
மஞ்சப்பைக்குள் நெபுலைசர்.
அதன் வயர்மேல் நாற்காலிச் சக்கரம்,
நசுங்கித் தோலுரிந்த இடத்தில்
செம்பும் செம்பும் ஒட்டிக்கொண்டு.

நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை,
முதலாளியின் முதுகைப் பார்த்தார்.
மூச்சுக்கு அடியில் சின்னதாய் ஒரு விசில்.

வெட்டி எறிந்து புது வயர் போட்டேன்.
மேசைக்காலோடு உயர்த்திக் கட்டினேன்,
சக்கரம் எட்டாது.
பையை இருந்த இடத்திலேயே வைத்தேன்,
வாய் மட்டும் மூடி.

வயர் ஒரு மீட்டர், கூலி முந்நூறு.
"என்னதாம்பா கோளாறு?"
"உப்புக் காத்து சார்.
ஹார்பர் பக்கத்துல
எல்லாருக்கும் இருக்கு."