ஓர் ஆளுக்கு

நூறு இலைக்குக் கீழே
எங்கள் கணக்கில் தாளே கிடையாது.
செக்காலை ரோடு, மாடி அறை, ஒரு மேசைவிசிறி.
கேட்டரிங் கணக்கு எழுதுகிறேன், பத்தொன்பது வருஷமாக.
ஆயிரத்து இருநூறு இலையா,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்:
கவுனி அரிசி இத்தனை, சீயத்துக்கு வெல்லம் இத்தனை,
வெள்ளைப் பணியாரத்துக்கு உளுந்து,
கை தவறிக் கொட்டுவதற்கென்று
நூற்றுக்கு மூன்று சேர்த்து.
மிஞ்சியதில்லை. குறைந்ததுமில்லை.
தேனம்மைக்கு ஊர் வயிற்றின் அளவு தெரியும்
என்பார் மாஸ்டர் கருப்பையா.

ஊர் வயிறு.

கடைசிப் பந்தி எழுந்து
இலைகள் மாட்டுக்குப் போனபின்
ஸ்டோர் ரூமை உள்ளே பூட்டிக்கொள்வேன்.
அங்கே நடந்ததை எழுத மாட்டேன்.
குழாய் முழுதாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான்.
முகம் கழுவி, பொட்டை ஒட்டி,
பில் புத்தகத்தோடு வெளியே வருவேன்.
"சாப்டியாம்மா?"
"ஆச்சு மாஸ்டர்."
அது பொய்யுமில்லை.

அப்புறம் வலி.
நெஞ்சுக்குழியில் ஓர் அடுப்பு,
விடியும்வரை சிம்மில்.

வலிக்கு ஊரே வைத்தியம் வைத்திருந்தது.
ஓமத்தண்ணீர். சுட்ட வசம்பு.
தேவகோட்டையில் ஒருவர்
காதுமடலில் பதினோரு ஊசி குத்தினார்;
சுகமாகத்தான் இருந்தது, தூங்கிவிட்டேன்.
ஆறு செவ்வாய் குன்றக்குடிக்கு நடந்தேன்.
குடல் ஏத்தம் என்று சொல்லி
அக்கா வள்ளிக்கண்ணு கொப்பூழில் விளக்கெண்ணெய் வைத்தாள்.
எல்லோரும் வயிற்றைத்தான் தொட்டார்கள்.
நானும் வயிற்றைத்தான் காட்டினேன்.

வாயைத் திறக்கச் சொன்னவள்
பல் டாக்டர் பர்ஹானா.
காபி பட்டால் கூசுகிறது என்று போயிருந்தேன்.
மேல்வரிசைக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியை வைத்தாள்.
முன்பக்கம் பளிங்கு.
பின்பக்கம் தேய்ந்த காசு.
லைட்டை அணைத்தாள்.
நர்ஸை ஏதோ வாங்க அனுப்பினாள்.
"எத்தனை வருஷமா?" என்றாள்,
கடன் கேட்பதுபோல் இல்லை,
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல.
சொல்லிவிட்டேன்.

மதுரையில் ஓர் அறை, மாதம் இரண்டு புதன்.
எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்கள்.
கைப்பையில் ஒரு காரணம் மடித்து வைத்திருந்தேன்:
பெண் பார்க்க வந்தவரின் அம்மா
பணியாரத் தட்டை என் பக்கமிருந்து
இரண்டு விரலால் தள்ளி வைத்தது.
நடந்ததுதான்.
ஆனால் அதற்கு முன்பே இருந்தது.
காரணமில்லாமல் வலிக்கக் கூடாதே என்று
பிற்பாடு சேர்த்த வவுச்சர் அது.

வலியைத் துரத்தாதீங்க,
பத்து நிமிஷம் கைக்கு வேறு வேலை கொடுங்க என்றார்கள்.
ஐஸ்கட்டியை இறுக்கிப் பிடித்தேன்,
மீன் பெட்டியில் எடுத்தது;
உள்ளங்கை நாறியது, சிரிப்பு வந்தது.
கூடத்து ஆத்தங்குடிக் கல்லில் குப்புறப் படுத்தேன்.
பூவும் வட்டமுமாகக் குளிர்ச்சி வயிற்றில் ஏறியது.
எழுந்ததும் மறுபடி அடுப்பு.

ஒருநாள் பந்தி முடிந்து
ஸ்டோர் ரூம் சாவியை ஆணியிலேயே விட்டுவிட்டு
பின்கட்டில் சின்ன வெங்காயம் உரிப்பவர்களோடு உட்கார்ந்தேன்.
மறுநாளைக்கு நாற்பது கிலோ.
அங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.
அஞ்சலை மட்டும் தன் முறத்தை
என் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

முதல் மாதம் நான்கு நாள் தோற்றேன்.
இரண்டாம் மாதம் எண்ணவில்லை,
எண்ண வேண்டாம் என்று சொன்னதால்.
பொய். எண்ணினேன். ஒன்பது.

போன புதன் ஒரு வெள்ளைத் தாள் தந்தார்கள்.
நாளைக்கு என்ன சாப்பிடுவீங்க,
ஓர் ஆளுக்கு எழுதுங்க.
பஸ்ஸில் திருப்பத்தூர் தாண்டும்வரை
நூறால் வகுத்துக்கொண்டே வந்தேன்.
அரிசி வந்தது. உளுந்து வந்தது.
கொட்டுவதற்கென்று சேர்க்கும் அந்த மூன்று,
அதை ஓர் ஆளுக்கு எப்படிப் பிரிப்பது?

ஆபீஸுக்குக் கீழே
கருப்பையா இட்லித் துணியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.
"ரெண்டு வைங்க மாஸ்டர்,
உக்காந்து சாப்பிடப் போறேன்."
அவர் மூன்று வைத்தார்.
மூன்றாவது, எடுக்கும்போதே கொஞ்சம் உடைந்திருந்தது.